சில பாட்டு மட்டும் ஏன் புத்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறது?

ஒரு புத்தகத்தைத் திறந்ததுமே ஏதோ ஒரு பாட்டு உள்ளுக்குள் ஓட ஆரம்பிக்கும். நிறையப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். கதைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது, ஆனாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. இது எப்படி நடக்குதுன்னு பார்க்கலாம்.

படித்ததை மட்டும் தனியாக எடுத்து வைக்கும் பழக்கம் நம் மூளைக்கு இல்லை. படித்த இடம், வெளிச்சம், வாசம், சத்தம் எல்லாம் சேர்ந்துதான் பதியும். 1975-இல் காடன், பேட்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் முக்குளிப்பவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். தண்ணிக்கு அடியில் படித்த சொற்கள் தண்ணிக்கு அடியில்தான் கூடுதலாக ஞாபகம் வந்தன. கரையில் படித்தவை கரையில் வந்தன. பத்து வருசம் கழித்து, 1985-இல், ஸ்டீவன் ஸ்மித் என்பவர் இதையே பின்னணி இசையை வைத்துச் செய்து பார்த்தார். படிக்கும்போது ஒலித்த அதே இசை மறுபடி ஒலித்தால் சொற்கள் கூடுதலாக நினைவுக்கு வந்தன.

அப்படின்னா காதில் விழுந்த பாட்டெல்லாம் ஒட்டணுமே? ஒட்டாதுங்க. ஒரே அடையாளம் பல நினைவுகளுக்குப் பொதுவாகிவிட்டால், எதையும் உறுதியாகப் பிடித்து இழுக்காது. ர. சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) நாவலை நான் பெருந்துறையில் கோயில் பொங்கல் வாரத்தில் படித்தேன். மைக்செட்டில் எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகள் நாள் முழுக்க ஓடின. அதில் ஒன்றுகூட நாவலோடு ஒட்டவில்லை. வருசா வருசம், எல்லா ஊரிலும் கேட்கிற பாட்டாச்சே! ஒட்டியது, விடியக்காலையில் மட்டும் போட்ட ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அதை அதிகம் கேட்டதில்லை. ஆக, படிக்கிற நாட்களில் திரும்பத் திரும்பக் கேட்கணும், மற்ற நாட்களில் அரிதாகக் கேட்கணும். இரண்டும் சேர்ந்தால்தான் முடிச்சு விழும்.

இது தற்செயல். பாட்டு புத்தகத்துக்குள்ளேயே இருந்தால்? 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரில் பூங்குழலி படகில் பாடுவாள். அச்சில் வரிகள் இருந்தன, மெட்டு இல்லை. படித்தவர்கள் அவரவர் மனசில் ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டார்கள். 2022-இல் படம் வந்தபோது பூங்குழலிக்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘அலைகடல்’ கிடைத்தது. படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிற பலருக்கு, வேறு மெட்டுக்கு அங்கே இடமிருக்காது.

நம்ம கொங்குப் பக்கம் இன்னொரு விதமும் உண்டு. அண்ணன்மார் கதை இங்கே முதலில் பாட்டு, அப்புறம்தான் புத்தகம். ராத்திரி ராத்திரியாக உடுக்கையடித்துப் பாடிய கதை அது. 1965-இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கயம் பக்கத்தில் அதை ஒலிநாடாவில் பதிவு செய்து, பின்னால் நூலாகவும் கொண்டுவந்தார். கலைஞர் ‘பொன்னர் சங்கர்’ என்று நாவலாக எழுதினார். 2011-இல் படமும் வந்தது.

நோம்பிச் சமயத்தில் மட்டுமே கேட்ட பாட்டு என்பதால், மேலே சொன்ன முடிச்சு இதில் பலமாகவே விழும். உடுக்கை கேட்டு வளர்ந்த பெரியவர்களிடம் நாவலைக் கொடுத்துப் பாருங்கள். உரைநடையைக்கூடத் தாளத்தில்தான் வாசிப்பார்கள்.

அச்சில் மட்டும் படிக்கிறவர்களுக்குக் கதை முழுசாகக் கிடைக்கும், ஒலி கிடைக்காது. அண்ணன்மார் சாகிற இடத்தைப் பத்து நிமிசத்தில் படித்துவிடலாம். பாட்டில் அந்த இடம் வரும்போது ஆட்கள் அருள் வந்து படுகளம் விழுவார்கள். எழுத்தில் அது செய்தி. உடுக்கையில் அது எழவு. உடுக்கைப் பாட்டுக்காரர்கள் குறையக் குறைய, முதலில் அச்சு வழியாக இந்தக் கதைக்கு வருகிறவர்கள்தான் கூடுவார்கள்.

அதனால எங்க ஊர்ப் பசங்க கேட்டால் நான் சொல்வது இதுதான்: புத்தகத்தை அப்புறம் எடுங்க, முதல்ல ஒரு ராத்திரி போய் உட்கார்ந்து கேளுங்க. படுகளம் நடக்கிற ஊர்கள் இன்னும் இருக்குதுங்க. அந்தச் சத்தம் ஒரு தடவை உள்ளே போய்விட்டால், எத்தனை வருசம் கழித்துத் திறந்தாலும் அந்தப் பக்கம் சும்மா இருக்காது.