ஈப்போ மலைகளை அண்ணாந்து பாருங்கள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷியர் கடலோரத்தில், பெம்ப்டன் என்ற ஊருக்கு அருகே சுமார் 100 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான பாறைச் சுவர் நிற்கிறது. மார்ச் முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ 5 லட்சம் கடற்பறவைகள் அங்கே கூடுகின்றன. அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதைக் காண மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் அதே இடத்துக்குத் துப்பாக்கியோடு வந்தவர்களே அதிகம். பொழுதுபோக்குக்காகப் பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். அதற்கு எதிர்ப்பு வலுத்து, 1869-இல் கடற்பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது.

செங்குத்துப் பாறையைப் பறவைகள் தேடுவதற்குக் காரணம் எளிது. முட்டை திருடும் விலங்குகள் அங்கே ஏற முடியாது.

ஈப்போவிலும் இதே கதைதான். நம் சுண்ணாம்பு மலைகளும் கடலில் பிறந்தவையே. 250 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சிப்பிகளும் பவளங்களும் இறுகித்தான் இந்தக் கல்லானது. இன்று கடற்பறவைகள் இல்லை; ஆனால் பைரி என்னும் வல்லூறு இங்கே குடியிருக்கிறது. இரையைக் கண்டு பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் இந்தப் பறவை, கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலேயே முட்டையிடும். குகைகளின் இருட்டில் உழவாரக் குருவிகள் எச்சிலால் கூடு கட்டுகின்றன.

பார்க்க விரும்புகிறவர்கள் தொலைநோக்கியோடு காலையிலேயே கிளம்புங்கள். பாறையில் வெள்ளைக் கோடுகளாக எச்சம் வழிந்திருந்தால், அதற்கு மேலே பறவை அமரும் இடம் இருக்கலாம். தள்ளி நின்றே பாருங்கள், டிரோன் வேண்டாம். மலையடியில் நிற்காதீர்கள். கல்லுமலை முருகன் கோவில் இருக்கும் குனோங் செரோவில் 1973-இல் பாறை சரிந்து, அடிவாரத்தில் குடியிருந்த பலர் உயிரிழந்ததை ஈப்போ மறக்கவில்லை.

இதே கல்தான் சிமெண்டுக்கும் பளிங்குக்கும் மூலப்பொருள். கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்கா ஆனது. ஆனாலும் குவாரி வேலை நின்றுவிடவில்லை. வெடி வைத்துத் தகர்த்த விளிம்பை எந்தப் பணத்தாலும் திரும்பக் கட்ட முடியாது.

எனவே பார்த்ததைத் தேதியோடும் இடத்தோடும் குறித்து வையுங்கள். மலேசிய இயற்கைச் சங்கத்தின் பேராக் கிளைக்குத் தெரிவியுங்கள். ஒரு மலையைக் காக்கக் கேட்கும் நாளில், அங்கே பறவை குஞ்சு பொரித்தது என்பதற்கு அந்தக் குறிப்பும் ஒரு சான்றாகும்.