பாணி

"அவருடைய பாணியே தனி" என்று பாடகரையும் எழுத்தாளரையும் நாம் புகழ்கிறோம். திறமையையும் நடையையும் ஒருங்கே சுட்டும் இச்சொல்லின் வரலாறு சுவையானது.

வடமொழியில் பாணி என்றால் கை. திருமணத்தைப் பாணிக்கிரகணம் என்பது அதனாலேயே. பழந்தமிழிலோ அது தாளத்தையும் பாட்டையும் குறித்தது. சிலப்பதிகாரம் பயின்றோர் இதனை அறிவர். தாளத்தை அளப்பதும் கையே ஆதலின், இவ்விரு பொருளும் தம்முள் நெருங்கியவை. பின்னர்ப் பந்தணைநல்லூர்ப் பாணி, வழுவூர்ப் பாணி என ஆடல் மரபுகளுக்கும், எழுத்து நடைக்கும் இச்சொல் பரவியது. மாத்தளைக் கடைவீதியில் பாணி என்று கேட்டாலோ, கித்துள் பாணிதான் கிடைக்கும்!

ஆங்கிலத்தார் நடையை ஸ்டைல் என்பர். இலத்தீனில் அதன் மூலச்சொல் எழுத்தாணியைக் குறித்தது. அதன் கூரிய முனை மெழுகுப் பலகையில் எழுதும். தட்டை முனை எழுதியதை அழிக்கும். அழிக்கவும் வல்ல கருவியே நடைக்குப் பெயர் தந்தது. திறமையைக் குறிக்கும் டாலண்ட் என்பதும் கிரேக்கரின் நிறைகோலிலிருந்து பிறந்து, எடைக்கும் பணத்தொகைக்கும் பெயரானது. தமிழ் விவிலியத்தில் அதுவே தாலந்து. ஒப்படைத்த தாலந்தைப் பெருக்கியவன் பாராட்டப்பெற்றான், புதைத்தவன் கடியப்பெற்றான். அவ்வுவமையே அச்சொல்லுக்குத் திறமை என்னும் பொருளைத் தந்தது.

இச்சொற்களை எண்ணுந்தோறும் அலுவிகாரைக் குகைகளே என் நினைவுக்கு வருகின்றன. கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், வாய்வழி வந்த திரிபிடகம் இங்கே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. பஞ்சமும் போரும் நலிவித்த காலம் அது; மனனம் செய்த துறவியர் மாண்டால் புத்தர்மொழியும் மாளுமே என்னும் அச்சம் எழுதத் தூண்டியது. 1848-ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது இங்கிருந்த ஏடுகள் அழிந்தன. எழுதும் கலை அழியவில்லை. பதப்படுத்திய தாளிப்பனை ஓலையில் கீறி, கரியும் எண்ணெயும் பூசித் துடைத்து, எழுத்துத் துலங்குவதை இன்றும் அங்கே காட்டுகின்றனர். மிக அழுத்தினால் ஓலை கிழியும். தளர்ந்தால் கீறல் பதியாது.

முதற் கட்டுரையிலேயே தனிப்பாணி வேண்டுமென்று நம் மாணவர் தவிக்கின்றனர். ஆசிரியர் சிலரும் அதனையே தூண்டுகின்றனர். அன்று ஏடெழுதியோர் நாடியது தனிப்பாணி அன்று, பிழையின்மையே. அவர்தம் பெயர்கள் நிலைக்கவில்லை. எழுதிய பொருள் நிலைத்தது. பாணி தேடிப் பெறும் அணிகலன் அன்று. சொல்லவேண்டியதைச் செவ்வனே சொல்லப் பழகிய கைக்குத் தானே வந்து அமைவது. அச்சொல்லின் முதற்பொருளும் கை என்பதை மாணவர் மறவாதிருத்தல் நன்று.