நடந்ததா, நடக்கவில்லையா? இடறவைக்கும் ஒரு ‘ஹேவ்’

‘யூ மஸ்ட் ஹேவ் இன்ஃபார்ம்ட் மீ’ என்று மேலதிகாரி கோபமாக மின்னஞ்சல் அனுப்புகிறார். ‘என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா?’ என்று கண்டிப்பதுதான் அவர் நோக்கம். லண்டனில் அதைப் படிப்பவருக்குப் போய்ச் சேரும் செய்தி நேர்மாறானது: ‘நீங்கள் நிச்சயம் என்னிடம் சொல்லியிருப்பீர்கள்.’ கண்டிக்க வேண்டுமானால் அங்கே வரவேண்டியது ‘ஷுட் ஹேவ்’.

அந்த அதிகாரி இலக்கணம் படிக்காதவர் அல்ல. தமிழில் நினைத்து எழுதினார், அவ்வளவுதான். வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு ‘மாமா வந்திருக்கணும்’ என்கிறோம். கல்யாணத்துக்கு வராத மாமாவைப் பற்றியும் ‘அவர் வந்திருக்கணும்’ என்றே குறைப்படுகிறோம். முதலாவதில் மாமா வந்துவிட்டார். இரண்டாவதில் வரவே இல்லை. நமக்குக் குரலும் சூழலும் போதும். ஆங்கிலமோ முதலாவதற்கு ‘மஸ்ட் ஹேவ்’, இரண்டாவதற்கு ‘ஷுட் ஹேவ்’ என்று வேறு வேறு சொல் கேட்கிறது.

‘வந்திருப்பார்’ என்பதும் இப்படித்தான். ‘ஹீ வுட் ஹேவ் ரீச்ட்’ என்று நம்மவர்கள் சொல்லி நிறுத்தும்போது, ஆங்கிலேயர் பலர் ‘ஆனால்…’ என்ற அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பார்கள். போய்ச் சேர்ந்திருப்பார், ஏதோ தடுத்துவிட்டது என்பதே அவர்கள் காதில் முதலில் விழும் பொருள்.

பள்ளியில் இதைச் சூத்திரமாகச் சொல்லித் தருகிறார்கள். துணைவினை, ஹேவ், வினையின் மூன்றாம் வடிவம். ‘ஹீ’ வந்தாலும் ‘ஹேஸ்’ கூடாது. பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பிறகு ‘ஹீ ____ ஹேவ் மிஸ்ட் த பஸ்’ என்று கோடிட்ட இடம் வருகிறது. மஸ்ட், மே, குட் மூன்றுமே அங்கே இலக்கணப்படி சரி. அவன் எப்போது கிளம்பினான், பஸ் எப்போது போனது என்று ஒரு வரி சொன்னால்தானே விடை ஒன்றாகும்? அந்த ஒரு வரி கேள்வித்தாளில் இருப்பதே அபூர்வம்.

மின்னஞ்சல் தவறினால் மனக்கசப்போடு போகும். எனக்குக் கவலை நீதிமன்றத்தைப் பற்றி. நம் ஊர்க் கீழமை நீதிமன்றங்களில் சாட்சிகள் தமிழில் பேசுகிறார்கள். மேல்முறையீடு என்று உயர் நீதிமன்றம் போனால் அங்கே நடவடிக்கை ஆங்கிலத்தில். அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு அப்படி வகுத்திருக்கிறது. இடையில் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்.

பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ்களில் ‘வுட் அப்பியர் டு ஹேவ் டைட்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. இன்ன காரணத்தால் இறந்திருப்பதாகத் தோன்றுகிறது என்று மருத்துவர் அளந்து சொல்கிறார். பிறகு கூண்டில் ஏறும் அவரிடம் அரிவாளைக் காட்டி, ‘இது போன்ற ஆயுதத்தால் இந்தக் காயம் ஏற்பட்டிருக்கலாமா?’ என்று கேட்கிறார்கள். ‘ஏற்பட்டிருக்கலாம்’ என்கிறார். அது ‘குட் ஹேவ் பீன் காஸ்ட்’. வாய்ப்பு உண்டு, அதற்குமேல் ஒன்றுமில்லை. அதை ‘மஸ்ட் ஹேவ்’ என்று யாராவது எழுதிவிட்டால், மருத்துவர் சொல்லாத உறுதி காகிதத்தில் ஏறிவிடும்.

சாட்சி ‘அவன் அன்றைக்கு ஊருக்கு வந்திருக்கலாம்’ என்றால் சிக்கல் இன்னும் பெரிது. வந்தானோ என்னவோ என்ற சந்தேகமா, வர வசதி இருந்தும் வரவில்லை என்ற ஆதங்கமா? முதலாவது ‘மே ஹேவ் கம்’. இரண்டாவது ‘குட் ஹேவ் கம்’. ஒன்றில் சம்பவ இடத்தில் அவன் இருந்திருக்க வழி உண்டு. இன்னொன்றில் இல்லவே இல்லை.

இதை நான் மிகைப்படுத்தவில்லை. சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் நம்பியிருந்த ஒரு கொலை வழக்கில், 1984-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் வழிகாட்டி. நிரூபிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கும் நிரூபிக்கப்பட்டே ஆகவேண்டும் என்பதற்கும் உள்ள வேறுபாடு இலக்கண வேறுபாடு மட்டுமல்ல, சட்ட வேறுபாடும்கூட என்று அது தெளிவாக்கியது. ‘மே’, ‘மஸ்ட்’ என்ற இரண்டு சின்னச் சொற்கள் அங்கே ஓர் உயிரின் பக்கத்தில் நிற்கின்றன.

இந்திய ஆங்கிலத்துக்கென்று தனி வழக்கு உண்டு, சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். எதிரில் உட்கார்ந்து பேசும்போது அது சரி. ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் கட்டுக் காகிதத்தைப் புரட்டுகிறவருக்குச் சாட்சியின் குரல் கேட்காது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும் முன் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். அது நடந்ததா, நடக்கவில்லையா, நமக்குத் தெரியாதா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விடை வந்த பிறகு ‘ஹேவ்’ எழுதலாம். கேள்வித்தாள் தயாரிப்பவர்களும் கோடிட்ட இடத்துக்கு முன்னால் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்.