சிப்காட் காற்றும் சடுதி மாற்றமும்: தெரிந்துகொள்ள வேண்டியவை, கேட்டுப் பெற வேண்டியவை

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்து சிப்காட் தொழிற்பேட்டையைக் கடக்கும்போது பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். அவர்களுக்கு அது சில நிமிட அவதி. உப்பனாற்றங்கரையிலுள்ள குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் மக்களுக்கோ அதுதான் வீட்டுக் காற்று. அந்தக் காற்று உடலுக்குள் என்ன செய்யும், அதைத் தடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது அங்குள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சடுதி மாற்றம் என்றால் என்ன?

நம் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. செல் அவற்றில் ஒரு பகுதியை மும்மூன்றாகப் படித்துப் புரதம் செய்கிறது. ‘அவன் கடல் மணல்’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்து மாறினால் ‘கடல்’ ‘உடல்’ ஆகிவிடும். அரிவாள் செல் ரத்தசோகை இப்படி ஒரே எழுத்து மாறியதால் வருவதுதான். ஓர் எழுத்து விழுந்துவிட்டால் இன்னும் மோசம்: ‘அன்க டல்ம ணல்’ என்று அடுத்ததெல்லாம் குலைந்துவிடும். சில வேளை குரோமோசோமின் ஒரு துண்டே அறுந்து காணாமல் போகும், தலைகீழாகும், அல்லது வேறொன்றில் ஒட்டிக்கொள்ளும். இவையே சடுதி மாற்றங்கள்.

விந்தணு, கருமுட்டையில் நேர்ந்த மாற்றம் பிள்ளைக்குப் போகலாம். நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜையில் நேர்ந்தது அந்த நபரோடு முடிந்துவிடும். ஆனால் அது புற்றுநோயாக வளரக்கூடும். புற்றுநோய் வந்த வீட்டில் சம்பந்தம் செய்யத் தயங்குவோர் இந்த வேறுபாட்டை உணர வேண்டும். பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவன அல்ல.

ஏன் நேர்கிறது?

செல் பிரியும்போது நகலெடுப்பதில் பிழை நேர்வது இயற்கை. பெரும்பாலான பிழைகளை உடலே திருத்திவிடுகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர், எக்ஸ்ரே, புகையிலை, சில ரசாயனங்கள் ஆகியவை பிழைகளைப் பெருக்குகின்றன. பென்சீன் உடலில் சிதைந்து எலும்பு மஜ்ஜையின் குரோமோசோம்களைத் தாக்கி ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். வினைல் குளோரைடைக் கல்லீரல் மாற்றும்போது உருவாகும் பொருள் டி.என்.ஏ. எழுத்துகளிலேயே ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் பி.வி.சி. ஆலைத் தொழிலாளர்களுக்கு அரிய வகைக் கல்லீரல் புற்றுநோய் வந்தது 1974இல் வெளிச்சத்துக்கு வந்தது.

கடலூரில் கண்டது

2004இல் சிப்காட் பகுதி மக்களே காற்றைப் பிடித்தார்கள். மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை. வாளியின் காற்றை உறிஞ்சி எடுத்தால் வெளிக்காற்று பைக்குள் நிரம்பும். ஆய்வகச் சோதனையில் 22 நச்சு ரசாயனங்கள் தெரியவந்தன; அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்குபவை. பின்னர் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) 2007இல் அளித்த அறிக்கை, இங்கு வாழ்நாள் புற்றுநோய் அபாயம் ஏற்கத்தக்க அளவைப் போல் 2,000 மடங்கு என்றது. இத்தகைய கணக்குகளில் வழக்கமான அளவு பத்து லட்சத்தில் ஒருவர். அதன்படி 2,000 மடங்கு என்பது ஆயிரத்தில் இருவர். ஊரே நோயில் விழும் என்று பொருளல்ல. ஆனால் அந்த இருவரின் நோயும் தவிர்த்திருக்கக்கூடியது.

உரிமையும் தீர்வும்

எந்தப் புகை எந்த எழுத்தை மாற்றியது என்று நோயாளியால் காட்ட முடியாது. நோய் தெரிய பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திலோ, இழப்பீடு கேட்பவர் வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பிற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு 6 மாதம். ஆகவே நோய்க்குக் காத்திராமல் இன்றே பதிவு செய்யத் தொடங்குங்கள்.

• நாற்றம் வந்த தேதி, நேரம், காற்றின் திசை, கண் எரிச்சல், மூச்சுத்திணறல் ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

• ஆலைக்கு வாரியம் அளித்த இசைவாணையையும் சோதனை முடிவுகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

• அபாயகரமான பணியில் இருக்கும் தொழிலாளிக்குத் தன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க உரிமை உண்டு. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்த உரிமை இது. பென்சீனால் வரும் நோய் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது; அதற்கு இழப்பீடு கோரலாம்.

• மருத்துவரிடம் வேலையையும் வசிக்கும் இடத்தையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

• சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வில் வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். பெண்கள், பட்டியலின மற்றும் பழங்குடி மக்கள், தொழிலாளர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். கடலூர், சிதம்பரம் நீதிமன்ற வளாகங்களில் அணுகலாம்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல், நம் மாநிலத் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில் உறுதி செய்துவிட்டது. அந்தத் தீர்ப்பு நம் ஊரில் பயன்பட வேண்டுமானால் ஆதாரம் நம் கையில் இருக்க வேண்டும். தனியாக ஒருவர் எழுதுவதைவிடத் தெருவுக்கு ஒரு நோட்டு என்று சேர்ந்து எழுதுங்கள். மாதம் ஒருமுறை படியெடுத்து வையுங்கள்.