சந்தாவில் வளர்ந்த ஜாஸ், சாவு வீட்டில் நிற்கும் கானா

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவில் பந்தல் போடுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரும், ஐஸ் பெட்டி வரும். இரவு பத்து மணிக்கு மேல் டோலக்கும் மைக்குமாக நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். விடியும்வரை கானா. இறந்தவரின் பெயர், அவர் பார்த்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். அழுதுகொண்டிருப்பவர்கள் நடுவில் சிரித்துவிடுவதும் உண்டு. காலையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பாடகர்கள் கிளம்புவார்கள். அடுத்த பாட்டு எங்கே, எப்போது என்பது அடுத்த சாவைப் பொறுத்தது.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் ஒப்பந்தத் தொழிலாளிகளும் வளர்த்த இசை இது. இதைப் போலவே இன்னொரு துறைமுக நகரத்தின் உழைப்பாளிகள் சாவு ஊர்வலத்தில் வாசித்து வளர்த்த இசை ஒன்று உண்டு. அது இன்று உலகம் முழுவதும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்கள் உருவாக்கிய ஜாஸ்தான் அது.

அங்கே ஒருவர் இறந்தால் கல்லறை வரைக்கும் பேண்டு வாத்தியக்காரர்கள் மெதுவான துதிப்பாடலை வாசித்துக்கொண்டு போவார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது தாளம் மாறும். பின்னால் வரும் கூட்டம் குடையையும் கைக்குட்டையையும் சுழற்றி ஆடும். நம் தெருக்களில் சாவு ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பேண்டுக்குப் பணம் யார் கொடுத்தது? நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அடிமை முறை ஒழிந்த பிறகும் வெள்ளையரின் காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. ஆகவே அவர்கள் தங்களுக்குள் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1884இல் தொடங்கப்பட்ட ‘யங் மென் ஒலிம்பியன்’ சங்கம் அவற்றில் ஒன்று. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். நோய் வந்தால் மருத்துவச் செலவு, இறந்தால் அடக்கச் செலவு, ஊர்வலத்துக்குப் பேண்டு எல்லாம் இப்படிப்பட்ட சங்கங்களின் பொறுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை சங்கமே ஊர்வலம் நடத்தும். அப்போதும் பேண்டு வேண்டும். வாசிப்பவருக்கு இதனால் வேலை கிடைத்தது, கேட்பவர்களும் நிலையாக இருந்தார்கள். ஜாஸுக்கு முதலில் சோறு போட்டது சுருட்டு சுற்றியவர்களும் கப்பலில் சரக்கு இறக்கியவர்களும் கட்டிய சந்தா.

இங்கே ஒரு கேள்வி வரும். சாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம் என்றுதானே நாம் போராடினோம்? ஆம், அந்தப் போராட்டம் சரிதான். ஊர்த் தெருவில் யாரோ இறந்ததற்குச் சேரியிலிருந்து ஒருவர் கட்டாயமாகப் போய்ப் பறையடிக்க வேண்டும் என்பது அடிமைத்தனம். நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் தங்கள் காசில், தங்கள் தெருவில், தங்கள் மனிதருக்காக வாசித்தார்கள். யாருடைய சாவு, யார் அழைத்தது, வர முடியாது என்று சொல்ல உரிமை இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் அது இழிவா கலையா என்பது முடிவாகும். வடசென்னை கானா இந்த வகையில் ஜாஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்கு இல்லாதது சங்கமும் பள்ளிக்கூடமும்.

பள்ளிக்கூடம் என்றதும் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் நினைவுக்கு வருகிறார். 1901இல் பிறந்த ஏழைப் பிள்ளை. 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கி வெடித்ததற்காகப் பிடிபட்டு, கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் நடத்திய பேண்டில் கார்னெட் ஊதக் கற்றார். உலகம் கொண்டாடிய கலைஞர் அங்கிருந்து வந்தார். நம் பகுதிப் பையன்கள் போலீஸ் கையில் சிக்கினால் அவர்களிடம் யாராவது ஒரு வாத்தியத்தைக் கொடுக்கிறார்களா?

ஜாஸும் தானாகப் பிழைத்துவிடவில்லை. 1970 வாக்கில் நியூ ஆர்லியன்ஸ் தெருப் பேண்டுகளில் வாசித்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள், இளைஞர்கள் வரவில்லை. அப்போது டேனி பார்க்கர் என்ற மூத்த இசைக்கலைஞர் ஃபேர்வியூ என்ற தேவாலயத்தில் சிறுவர்களைச் சேர்த்துப் பேண்டு அமைத்தார். பிற்காலத்தில் பெயர் பெற்ற பல கலைஞர்கள் அந்தப் பிள்ளைகள்தான். 2005இல் கத்ரீனா புயல் நகரத்தையே மூழ்கடித்தது. அதன் பிறகு 2007இல் டெரிக் டாப் என்ற டிரம்ஸ் கலைஞர், பள்ளி முடிந்த பின் நடக்கும் ‘ரூட்ஸ் ஆஃப் மியூசிக்’ என்ற இலவச வகுப்பைத் தொடங்கினார். அங்கே வாத்தியத்தோடு சூடான சாப்பாடும் தருகிறார்கள், பள்ளிப்பாடமும் சொல்லித் தருகிறார்கள், வந்துபோக வண்டியும் உண்டு. பசியோடு ஒரு பிள்ளையால் ஊத முடியாது என்பதைப் புரிந்துகொண்டவர்கள் வைத்த ஏற்பாடு.

இங்கேயும் கதவுகள் கொஞ்சம் திறந்திருக்கின்றன. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியில்லாத் தமிழர்’ என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர். கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. அதில் பாடிய ராயபுரத்துப் பெண் இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆண்களின் கோட்டையாகவே இருந்துவந்த கானாவில் இது சின்ன விஷயமல்ல. பெண்களைக் கொச்சைப்படுத்தும் கானாப் பாடல்களும் இருக்கின்றன என்பதை மறைக்க வேண்டாம். பெண் பிள்ளைகள் பாட வந்தால் அதுவும் மாறும்.

ஆனால் மேடை வேறு, வகுப்பு வேறு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் கற்றுத் தருகிறார்கள். கானா கற்றுத்தர ஆள் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று டி.எம்.கிருஷ்ணா 2017இல் ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ பாடியபோது சாம்பல் கழிவின் கொடுமை வெளியுலகத்துக்குத் தெரிந்தது. நல்ல காரியம். எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளை அந்தக் கழிமுகத்தைப் பற்றித் தானே பாட்டுக் கட்டிப் பாட யார் கற்றுத்தருவது?

சந்தா கட்டுவது நமக்குப் புதிதல்ல. தீபாவளிச் சீட்டு கட்டுகிறோம், மகளிர் குழுவில் சேமிக்கிறோம். நூறு வீடு உள்ள தெருவில் வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் என்றால் இரண்டாயிரம் ரூபாய். இரண்டு மாதத்துப் பணத்தில் ஒரு டோலக் வாங்கிவிடலாம். மாலையில் பூட்டிக்கிடக்கும் பள்ளி வகுப்பறையையோ சமுதாயக் கூடத்தையோ வாரம் இரண்டு நாள் திறந்துவிடும்படி நகரத்தில் கவுன்சிலரிடமும் கிராமத்தில் கிராம சபையிலும் கேட்கலாம். சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டாம். சாவு வீட்டில் விடியவிடியப் பாடுகிற அதே அண்ணன்தான் ஆசிரியர். மாதம் ஒரு சனிக்கிழமை, சாவு எதுவும் விழாத தெருவில், பிள்ளைகளும் அவரும் சேர்ந்து பாடட்டும். அன்றைக்கு அவருக்குப் பேசிய பணத்தை, பாடத் தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.