கடலுக்கடியில் மூச்சு

கோடை விடுமுறை முடிந்து சனிக்கிழமை வகுப்புகள் மீண்டும் தொடங்கிய அன்று, மாணவன் ஒருவன் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினான். "சேர், எங்கள் அம்மப்பா மூச்சை அடக்கிக்கொண்டுதான் கடலிலே சுழியோடுவாராம். இங்கே ஸ்கூபா பழக்குகின்றவரோ ஒருபோதும் மூச்சை அடக்காதே என்கிறார். யார் சொல்வது சரி?" மகனை அழைத்துச் செல்ல வந்த தாயாரும் வாசலில் நின்று இதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்ற கலக்கம் அவர் முகத்திலே தெரிந்தது. இருவர் சொல்வதும் சரியே என்று நாம் விடை கூறினோம். அதன் காரணத்தை இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலம், கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பின் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் பாரத்தைச் செலுத்துகின்றது. இதுவே ஒரு வளிமண்டல அமுக்கம் எனப்படும். கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் இதே அளவு அமுக்கம் மேலும் கூடும். எனவே 10 மீற்றரில் அமுக்கம் இரு மடங்கு. 20 மீற்றரில் மும்மடங்கு. 30 மீற்றரில் நான்கு மடங்கு.

அமுக்கம் கூடினால் வாயுவின் கனவளவு குறையும் என்பதை 1662ஆம் ஆண்டில் றொபேட் பொயில் விதியாக வெளியிட்டார். ஊரில் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில் இதனை நாம் கிணற்றடியிலேயே காட்டுவதுண்டு. கண்ணாடிப் போத்தலொன்றின் உட்சுவரிற் சுண்ணப்பொடி பூசி, கல்லைக் கட்டி, வாய் கீழாகக் கவிழ்த்துக் கிணற்றுள் இறக்குவோம். மேலே எடுத்துப் பார்த்தால் நீர் எதுவரை ஏறியது என்பதை நனைந்த பொடி காட்டிவிடும். மூன்று மீற்றர் ஆழத்தில் போத்தலின் ஏறக்குறைய நான்கிலொரு பங்குக்கு நீர் ஏறியிருக்கும். உள்ளிருந்த காற்று வெளியேறவில்லை, சுருங்கிவிட்டது.

மூச்சை அடக்கிச் சுழியோடுபவரின் நுரையீரலும் அப்போத்தலைப் போன்றதே. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் கல்லின் பாரத்தால் விரைந்து இறங்கி, சிப்பிகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் மேலே வந்தனர். தோணியில் இருக்கும்போது அவர் உள்ளிழுத்த காற்று 6 லீற்றர் எனக் கொள்வோம். 10 மீற்றரில் அது 3 லீற்றராகச் சுருங்கும். மேலே வந்ததும் மீண்டும் 6 லீற்றராகும். அதற்கு மேல் விரியாது. ஆகவே அவர் மூச்சை அடக்கியதில் நுரையீரல் வெடிக்கும் அபாயம் இல்லை.

நீண்ட குழாயொன்றின் மூலம் மேலிருந்து காற்றை இழுத்தால் என்ன என்று சில மாணவர்கள் கேட்பர். ஒரு மீற்றர் ஆழத்திலேயே நீர் நெஞ்சை அழுத்தும் அழுத்தத்துக்கு எதிராக மார்புத் தசைகள் விரிவது மிகக் கடினமாகிவிடும். உள்ளே வரும் காற்றும் சுற்றியுள்ள நீருக்குச் சமமான அமுக்கத்தில் இருந்தாலே நாம் இலகுவாகச் சுவாசிக்க முடியும். 1943ஆம் ஆண்டில் பிரான்சிலே ஜாக் கூஸ்தோ, எமீல் கன்யான் ஆகிய இருவரும் ஆக்கிய கருவி இதனையே செய்தது. முதுகிலுள்ள கலத்தின் காற்றை, அவ்வவ்வாழத்தின் அமுக்கத்துக்கு ஏற்ப அது வாய்க்கு வழங்குகின்றது.

வேறுபாடு இங்கேதான் உள்ளது. 10 மீற்றர் ஆழத்தில் ஸ்கூபா அணிந்தவர் ஒருவர் 6 லீற்றர் காற்றை உள்ளிழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அக்காற்று 12 லீற்றராக விரிய முயலும். அதற்கு நுரையீரலில் இடமேது? நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழிகள் குருதியிற் கலந்து மூளைக்குச் செல்லக்கூடும். நீச்சற் குளத்தின் ஆழத்திலும் இது நிகழலாம். அதனாலேயே ஸ்கூபாவின் முதல் விதி: தொடர்ந்து சுவாசித்துக்கொண்டே இரு.

இரண்டாவது விதி மெதுவாக மேலே வருவதாகும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 78 வீதம் நைதரசன். அமுக்கம் கூடிய ஆழத்தில் அது குருதியிலும் இழையங்களிலும் மிகுதியாகக் கரைகின்றது. 30 மீற்றருக்குக் கீழே அது மது அருந்தியவர் போன்ற மயக்கத்தையும் உண்டாக்கும். சோடாப் போத்தலைச் சடுதியாகத் திறந்தால் நுரைப்பது போல, விரைந்து மேலே வருபவரின் உடலில் நைதரசன் குமிழிகளாக வெளிப்படும். மூட்டு வலி தொடக்கம் கால்கள் செயலிழத்தல், மரணம் வரை இதனால் நேரலாம். ஹால்டேன் என்னும் அறிஞர் ஆடுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து, படிப்படியாக மேலே வருவதற்கான அட்டவணைகளை 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். இக்காலத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 மீற்றர் வேகத்தில் ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து வருமாறு பழக்குகின்றனர்.

இது வெறும் பாடநூல் விடயமன்று. எமது ஊர்க் கடல்களிலே கடலட்டையும் சங்கும் எடுப்பவர்கள் பலர் இன்று காற்றுக் கலங்களுடன் இறங்குகின்றனர். ஒரே நாளிற் பலமுறை ஆழம் சென்று விரைந்து மீள்வதால் நடை இழந்தோரும் உயிர் இழந்தோரும் உளர். அவர்களுடைய துணிவிற் குறைவில்லை. இந்த விதிகளை முறையாகச் சொல்லிக் கொடுப்பார்தான் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தகுதி பெற்ற பயிற்றுநரிடம், மருத்துவரின் ஆலோசனையுடன், குறிப்பாக ஆஸ்துமா உள்ள பிள்ளையாயின் அதனைத் தெரிவித்து, அனுப்புங்கள். விடுமுறையிற் கடலில் இறங்கியவர் உடனே விமானம் ஏறலாகாது. ஒருமுறை மட்டும் சுழியோடினால் குறைந்தது 12 மணித்தியாலமும், பலமுறையாயின் 18 மணித்தியாலமும் பொறுத்திருத்தல் வேண்டும். உயரே பறக்கும்போதும் அமுக்கம் குறைகின்றதல்லவா?

மாணவச் செல்வங்களே! அம்மப்பா தோணியிலிருந்து மூச்சைக் கொண்டு சென்றார். நீங்கள் அடியிலே மூச்சைப் பெறுகின்றீர்கள். அவருடைய கடலை அறிய விரும்பினால் அவரிடம் கேளுங்கள். உங்கள் விதியை அவருக்கும் சொல்லுங்கள். ஊரிலே கடலில் இறங்கும் உறவினர் எவருக்கேனும் அவர் அதனை எடுத்துரைக்கட்டும்.