வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

சேலையூரில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்பது தாத்தா விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961இல் இங்கே அறிமுகமான வண்டி. தயாரித்த ஆலை இருந்தது வண்டலூரில், பக்கத்து ஊர்தான். மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு; வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. இதே சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த உறவில் நானும் ஸ்போர்ட்ஸ் கார்க்காரன் என்பேன். அம்மா சிரிப்பார்.

பானெட் இருபக்க மட்கார்டோடும் சேர்ந்து முன்னால் சாயும். டயர்மேல் உட்கார்ந்தபடியே 948 சிசி எஞ்சினைப் பிரிக்கலாம். பாடியோ தனித்தனித் துண்டுகள். சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கியவை. வண்டியைப் பழுதுபார்க்க எனக்குத் தைரியம் தந்தது அதுதான், வினையானதும் அதுதான். டிங்கர் வேலை செய்தவர் அளவு பார்க்காமல் பற்றவைத்துவிட்டார். கதவு மூடவில்லை. அறுத்து ஒட்ட மூன்று மாதம் போயிற்று.

கதவு ரப்பருக்காகப் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்தேன். எல்லாரும் கைவிரித்தார்கள். கடைசிக் கடைப் பெரியவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஹெரால்டா? உட்காரு தம்பி” என்றார்.